‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’: முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு நகரம். மக்கள்தொகை சுமார் 27 ஆயிரம். அங்குள்ள கல்லூரி அரங்கில் கோடைதோறும் ‘ஒஹாயோ லைட் ஓபரா’ என்ற குழு ஓபரெட்டாக்களை, அதாவது பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகங்களை, மேடையேற்றுகிறது. 1979-இல் தொடங்கிய இந்தக் குழு பலமுறை எடுத்துச் செய்தவற்றில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’. பென்சான்ஸ் ஊர்க் கடற்கொள்ளையர்களின் கதை. இதைப் பார்க்கப் போகிறவர்களும், போகலாமா என்று யோசிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். வூஸ்டரை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி எந்த ஊர்க் குழுவுக்கும் பொருந்தும்.

ஓபரா என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுதானே? இதுவும் அப்படித்தானா?

இல்லை. இதில் வசனமும் பாட்டும் மாறி மாறி வரும். பாடகர்கள் ஓபரா பயிற்சி பெற்றவர்கள், மேடைக்கு முன்னால் உள்ள குழியில் வாத்தியக் குழு இருக்கும், கூட்டுப் பாடல்கள் கனமாக இருக்கும். ஆனால் கதை நகர்வதில் பாதி பேச்சில்தான். கில்பர்ட்டும் சல்லிவனும் தங்கள் படைப்புகளை ‘காமிக் ஓபரா’ என்றார்கள். பாரிஸில் ஓஃபன்பாக்கும் வியன்னாவில் யோஹான் ஸ்ட்ராஸும் செய்தவற்றோடு சேர்த்து, இன்று எல்லாவற்றையும் ஓபரெட்டா என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு அங்கம், இடைவேளையோடு சுமார் இரண்டு மணி நேரம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். முடிவு தெரிந்தாலும் சுவை குறையாத கதை இது.

இடம் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை. ஃபிரெடரிக் சிறுவனாக இருந்தபோது, அவனைக் கப்பலுக்கு வழிகாட்டும் ‘பைலட்’ ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிடும்படி தாதி ரூத்திடம் சொல்கிறார் அப்பா. காது சரியாகக் கேட்காத ரூத் அதை ‘பைரேட்’ என்று எடுத்துக்கொண்டு, பையனைக் கடற்கொள்ளையரிடம் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துவிடுகிறாள். தவறு புரிந்ததும் வீடு திரும்ப வெட்கப்பட்டு, தானும் அந்தக் கப்பலிலேயே எல்லா வேலையும் செய்துகொண்டு தங்கிவிடுகிறாள்.

நாடகம் தொடங்கும்போது ஃபிரெடரிக்குக்கு 21 வயது முடிகிறது, ஒப்பந்தமும் முடிகிறது. அவன் கடமைக்கு அடிமை. நாடகத்தின் துணைத் தலைப்பே அதுதான். ஒப்பந்தம் இருந்தவரை விசுவாசமான கொள்ளையன். அது முடிந்த நிமிடத்திலிருந்து அதே நண்பர்களை அழித்தொழிப்பது கடமை. இதை அவர்களிடமே கண்ணீரோடு சொல்கிறான். அவர்களும் நியாயம்தான் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கொள்ளையர்கள் இளகிய மனம் படைத்தவர்கள். தாங்களே அநாதைகள் என்பதால் அநாதைகளைத் தொட மாட்டார்கள். இது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதால், பிடிபடுகிற ஒவ்வொருவரும் ‘நான் அநாதை’ என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். மேஜர் ஜெனரல் ஸ்டான்லியும் தன் மகள்களைக் காப்பாற்ற அதே பொய்யைச் சொல்கிறார். அந்த மகள்களில் ஒருத்தியான மேபல்தான் ஃபிரெடரிக்கின் காதலி.

இரண்டாம் அங்கத்தில், பொய் சொன்ன குற்ற உணர்வில் ஜெனரல் இரவெல்லாம் மூதாதையர் கல்லறைகளுக்கு முன்னால் அழுகிறார். அவை அவருடைய மூதாதையர்கூட அல்ல. எஸ்டேட்டை விலைக்கு வாங்கியபோது கூடவே வந்தவர்கள். போலீஸ்காரர்களுடன் கொள்ளையரைத் தாக்க ஃபிரெடரிக் கிளம்பும் நேரத்தில் கொள்ளையர் தலைவனும் ரூத்தும் வந்து ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். அதில் 21 வயதுவரை என்று இல்லை. 21-ஆவது பிறந்தநாள்வரை என்று இருக்கிறது. ஃபிரெடரிக் பிறந்ததோ பிப்ரவரி 29. இதுவரை வந்திருப்பது ஐந்து பிறந்தநாள்தான்.

அவ்வளவுதான், கடமை அவனை மறுபடி கொள்ளையர் பக்கம் தள்ளிவிடுகிறது. இறுதிச் சண்டையில் கொள்ளையர்கள் போலீஸை வீழ்த்திவிடுகிறார்கள். ஆனால் விக்டோரியா மகாராணியின் பெயரைச் சொல்லிச் சரணடையச் சொன்னதும் மண்டியிடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் வழிதவறிய பிரபுக்கள் என்று ரூத் உடைக்கிறாள். பிரபுக்கள் என்றதும் ஜெனரல் மகள்களைக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்துவிடுகிறார்.

21-ஆவது பிறந்தநாள் 1940-இல் என்று பாடுகிறார்கள். கணக்கு சரியாக வருகிறதா?

இரண்டு விதமாக வருகிறது. 1900 லீப் ஆண்டு இல்லை. அதைக் கணக்கில் எடுத்தால் ஃபிரெடரிக் 1852-இல் பிறந்தவன். கதை நடப்பது 1873-இல். கில்பர்ட் 1900-ஐயும் லீப் ஆண்டாக எண்ணியிருந்தால், பிறந்தது 1856, கதை 1877. ரசிகர்கள் இன்னும் இதைப் பேசித் தீர்க்கவில்லை. மேபல் அதுவரை காத்திருப்பதாக வாக்குக் கொடுக்கும் இடம் நிஜமாகவே மனதைத் தொடுகிற ஒரு இருவர் பாடல். அந்த நேரத்தில் யாருக்கும் கணக்கு நினைவிருக்காது.

முதலில் எங்கே அரங்கேறியது? லண்டனிலா?

லண்டனில் இல்லை. காப்புரிமைச் சிக்கல்தான் காரணம்.

1878-இல் இதே இருவரின் ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ லண்டனில் பெரிய வெற்றி. அப்போது அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளர்களின் உரிமையைப் பாதுகாக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு வந்தது 1891-இல்தான். அதனால் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அனுமதியில்லாமல் ‘பினஃபோர்’ போட்டன. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் காசு வரவில்லை. எனவே அடுத்த நாடகத்தைத் தாங்களே அமெரிக்காவில் முதலில் அரங்கேற்றுவது என்று கில்பர்ட்டும் சல்லிவனும் தயாரிப்பாளர் டாய்லி கார்ட்டும் முடிவு செய்தார்கள். 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ தியேட்டரில் அரங்கேற்றம்.

பிரிட்டனிலும் உரிமை வேண்டும் என்றால் அங்கேயும் ஒரு மேடையேற்றம் நடந்திருக்க வேண்டும். அதற்காக, அருகில் டார்கீயில் ‘பினஃபோர்’ நடித்துக்கொண்டிருந்த சுற்றுப்பயணக் குழு, நியூயார்க்குக்கு முந்தைய நாள், டிசம்பர் 30 மதியம், டெவன் மாவட்டத்தில் பெயின்டன் என்ற சிற்றூரின் ராயல் பிஜூ தியேட்டரில் இதை ஒரே ஒரு முறை போட்டது. ஒத்திகைக்குப் போதிய நேரமில்லை, கையில் தாளை வைத்துக்கொண்டு பாடினார்கள். ‘பினஃபோர்’ உடையிலேயே தலையில் கைக்குட்டை கட்டிக் கொள்ளையர் ஆனார்கள்.

நியூயார்க்கிலும் நெருக்கடிதான். முதல் அங்கத்துக்கான குறிப்புகளை சல்லிவன் இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நினைவிலிருந்து மறுபடி எழுதினார். ஜெனரலின் மகள்கள் முதலில் வரும்போது பாடும் பாட்டை, இருவரும் 1871-இல் செய்த ‘தெஸ்பிஸ்’ என்ற பழைய படைப்பிலிருந்து எடுத்துப் போட்டார். தெஸ்பிஸின் இசை பெரும்பாலும் தொலைந்துபோன நிலையில், இன்று அந்தப் பாட்டு மிஞ்சியிருப்பது இங்கேதான். முன்னிசையை அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவு, நண்பர் ஆல்ஃபிரட் செல்லியரின் உதவியோடு விடிய விடிய முடித்தார்கள்.

லண்டனுக்கு 1880 ஏப்ரல் 3-இல் வந்தது. 363 காட்சிகள் ஓடியது.

ஒரு சிற்றூரில், இரவல் உடையில் உயிர்பெற்ற படைப்பு இது. சிறிய ஊர்க் குழுக்கள் இதைப் போடுவதைப் பெரிய அரங்குகளின் நகல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

சின்ன ஊரில் இது எப்படிச் சாத்தியமாகிறது?

பல நாடகங்களை மாற்றி மாற்றிப் போடும் ரெபர்ட்டரி முறையில் வூஸ்டர் குழு இயங்குகிறது. ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற பாடகர்-இயக்குநர் தொடங்கியபோது கில்பர்ட்-சல்லிவன் மட்டும்தான். அப்புறம் ஓஃபன்பாக், ஸ்ட்ராஸ், லெஹார், கால்மன் என்று விரிந்து, நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு படைப்புகளை மேடையேற்றிவிட்டார்கள். ஒரே கோடையில் பல நாடகங்கள் சுழற்சியில் ஓடும். இன்று மதியம் ஒன்று, இரவு வேறொன்று. நேற்று கதாநாயகனாகப் பாடியவர் இன்று கூட்டுக் குழுவில் ஒரு போலீஸ்காரராக நிற்பார். பாடகர்கள் பெரும்பாலும் இசைக் கல்லூரியில் படிப்பவர்கள் அல்லது படித்து முடித்துத் தொழிலுக்கு வருகிறவர்கள். வெளியூர் ரசிகர்கள் சில நாட்கள் தங்கி, அந்தப் பருவத்தின் எல்லா நாடகங்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தச் சுழற்சியின் பலனை மேடையில் காணலாம். கூட்டுக் குழுவில் நிற்பவர்களும் தனிப்பாடகர்களே என்பதால் அந்தக் குரலில் ஒரு நிறைவு இருக்கும்.

பெரிய நகரத்து ஓபரா அரங்கில் பார்ப்பதைவிட இது எந்த விதத்தில் மேல்?

சொற்கள் கேட்கும். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

லண்டன் கொலிசியத்தில் 2,300-க்கும் மேற்பட்ட இருக்கைகள். 2015-இல் திரைப்பட இயக்குநர் மைக் லீ அங்கே இங்கிலிஷ் நேஷனல் ஓபராவுக்காக இதை இயக்கினார்; நல்ல பெயர் கிடைத்தது. ஆனால் கில்பர்ட்டின் வரிகள் அவ்வளவு பெரிய இடத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. வூஸ்டரின் ஃபிரீட்லாண்டர் தியேட்டரில் சுமார் 400 இருக்கைகள்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் புருவம் தெரியும். குரலைத் தள்ளவேண்டிய அவசியம் இல்லாதபோது பாடகர் பேச்சுப் போலவே பாட முடியும். நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது.

ஏன் இத்தனை குழுக்கள் இதையே எடுக்கின்றன?

முதலில் பணம். சல்லிவன் 1900-இலும் கில்பர்ட் 1911-இலும் இறந்தார்கள். கில்பர்ட் இறந்து 50 ஆண்டுகள் ஆன 1961-உடன் பிரிட்டனில் டாய்லி கார்ட் குழுவின் தனியுரிமை முடிந்தது. இப்போது யாரும் உரிமைத் தொகை கட்டாமல் போடலாம். அந்தக் குழு 1982-இல் மூடப்பட்ட பிறகு, மரபைக் காப்பாற்றியவர்கள் இப்படிப்பட்ட பிராந்தியக் குழுக்களும் அமெச்சூர் சங்கங்களும்தான். சான் பிரான்சிஸ்கோவின் லாம்ப்லைட்டர்ஸ் 1952 முதல் நடக்கிறது. ஸ்காட்டிஷ் ஓபரா 2013-இல் இதைச் சுற்றுப்பயணமாக எடுத்துச் சென்றது.

இரண்டாவது, வாத்தியக் குழு சின்னது. புல்லாங்குழல் 2, ஓபோ 1, கிளாரினெட் 2, பசூன் 1, ஹார்ன் 2, கார்னெட் 2, டிராம்போன் 2, தாளக் கருவிகள், அப்புறம் வயலின் வகையறா. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை.

சிக்கல் ஆண் குரல்களில்தான். கொள்ளையர் கூட்டமும் போலீஸ் கூட்டமும் இரண்டாம் அங்க முடிவில் ஒரே நேரத்தில் மேடையில் நிற்கின்றன. ஒரே ஆட்களை இரண்டுக்கும் பயன்படுத்த முடியாது. சின்ன சங்கங்கள் தவிப்பது இங்கேதான். போலீஸ் தரப்பு நான்கு பேராகச் சுருங்கினால் அந்தக் காட்சியின் பலமே போய்விடும்.

மேஜர் ஜெனரலின் வேகப் பாட்டில் என்ன விசேஷம்?

நாவைப் பிடுங்கும் வேகத்தில் பாடப்படும் ‘பேட்டர்’ வகைப் பாட்டு. நவீன மேஜர் ஜெனரலின் முழு உருவம் தான்தான் என்று தொடங்கி, கணிதம், வரலாறு, செடிகொடி, விலங்கு, கனிமம் எல்லாம் தெரியும் என்று அடுக்குகிறார். கடைசிச் சரணத்தில்தான் விஷயம் வெளியாகிறது. போர்க்கலையில் அவருடைய அறிவு நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ராணுவம் தவிர மற்றதெல்லாம் தெரிந்த ராணுவத் தலைவர்! அன்றைய புகழ்பெற்ற தளபதி சர் கார்னெட் வூல்ஸ்லிதான் குறி என்று லண்டன் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே அதைப் பாடியவர் ஜார்ஜ் கிராஸ்மித்.

பாடகருக்கு இதில் வேகத்தைவிட மூச்சுதான் சவால். எந்த வரியின் முடிவில் கால் நொடி கிடைக்கும் என்று முன்பே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சரணத்திலும் எதுகைக்குச் சொல் கிடைக்காமல் அவர் நின்று யோசிக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல நடிகர் அங்கே மூச்சும் வாங்கிக்கொண்டு சிரிப்பும் வாங்கிவிடுவார். கைதட்டல் பலமாக இருந்தால் மறுபடி இன்னும் வேகமாகப் பாடுவது மரபு. வெறும் வேகத்துக்காகச் சொற்களை விழுங்குகிற பாடகரைவிட, சற்று மெதுவாக ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கேட்கவைக்கிறவரே எனக்குப் பெரியவர்.

இசையில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று இடங்களைச் சொல்கிறேன். முதல் அங்கத்தில் மேபலும் ஃபிரெடரிக்கும் முதன்முதலாகத் தனியாகப் பேசத் தொடங்கும்போது, சகோதரிகள் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு வானிலை பற்றிச் சளசளக்கிறார்கள். அவர்கள் பாடுவது இரண்டு அடித் தாளத்தில். காதலர்கள் பாடுவது மூன்று அடி வால்ட்ஸில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று போகும், ஒன்றை ஒன்று இடிக்காது. இதை எழுதியவரை வெறும் நகைச்சுவை இசையமைப்பாளர் என்று ஒதுக்க முடியாது.

அதே அங்கத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எல்லோரும் மண்டியிட்டு, வாத்தியம் நின்றுபோக, கவிதையை வாழ்த்திப் பாடுகிறார்கள். அரை நிமிடச் சொச்சம். தேவாலய இசைபோல இருக்கும். சல்லிவன் அரச ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் வளர்ந்தவர். அந்தப் பயிற்சி இங்கே தலைகாட்டுகிறது. அரங்கு நல்லதாக இருந்தால் உடம்பு சிலிர்க்கும்.

மூன்றாவது, இரண்டாம் அங்கத்தில் கொள்ளையர்கள் பூனைபோல ஓசையில்லாமல் நுழைவதாகப் பாடும் பாட்டு. உச்சக் குரலில், காலைத் தரையில் ஓங்கி மிதித்துக்கொண்டே பாடுவார்கள். அமெரிக்காவில் ‘ஹெயில், ஹெயில், த கேங்ஸ் ஆல் ஹியர்’ என்று கூட்டங்களில் பாடுவது இந்த மெட்டைத்தான்.

மேபலின் முதல் பாட்டையும் விட்டுவிடக் கூடாது. இத்தாலிய ஓபராவின் அலங்காரப் பாணியைச் சல்லிவன் கிண்டல் செய்கிறார். ஆனால் பாடகிக்கு நிஜமாகவே அந்த உச்ச ஸ்வரங்கள் வரவேண்டும். பாட வராதவர் கிண்டல் செய்தால் அது கிண்டலாக இருக்காது.

நல்ல தயாரிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடிகர்கள் தாங்கள் நகைச்சுவை செய்கிறோம் என்று காட்டிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். காட்டினால் தயாரிப்பு சரியில்லை.

கில்பர்ட் தன் நாடகங்களைத் தானே இயக்கினார். வீட்டில் சிறிய மாதிரி மேடையில் மரத்துண்டுகளை நகர்த்தி, யார் எங்கே நிற்பது என்று தீர்மானித்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருவார். நடிகர்களிடம் அவர் விடாமல் கேட்டது ஒன்றே: எவ்வளவு அபத்தமான வரியானாலும் முழு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும், அபத்தம் என்று தனக்குத் தெரிந்ததாகக் காட்டவே கூடாது.

ஏன் என்பது மேடையில் புரியும். நண்பர்களை அழிப்பது என் கடமை என்று ஃபிரெடரிக் சொல்லும்போது அவன் கண்ணில் உண்மையான வேதனை இருந்தால் நாம் சிரிக்கிறோம். அவனே கண்ணடித்தால், சிரிக்க வேண்டிய வேலையை அவன் செய்துவிட்டான். நமக்கு ஒன்றும் மிச்சமில்லை. போலீஸ் சார்ஜென்ட் தன் தொழிலின் சோகத்தைப் பாடும் பாட்டும் அப்படியே. குற்றவாளியும் ஓய்வு நேரத்தில் நல்ல மனிதன்தான், அவனைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் மனமார வருந்த வேண்டும். இளம் பாடகர்களுக்கு இதுதான் கடினம். சிரிப்பொலி கேட்டதும் இன்னும் கொஞ்சம் முகம் கோணினால் இன்னும் சிரிப்பார்களே என்று கை பரபரக்கும். அடக்கத் தெரிந்த குழுவைப் பார்த்தால், ஒரு வாரம் கழித்தும் வரிகள் நினைவிலிருக்கும்.

காலத்துக்கு ஏற்ப மாற்றலாமா?

மாற்றலாம். தயாரிப்பாளர் ஜோசப் பேப் 1980-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் போட்ட வடிவம் அதற்குச் சான்று. லிண்டா ரோன்ஸ்டாட் மேபல், கெவின் கிளைன் கொள்ளையர் தலைவன். சல்லிவனின் வாத்திய அமைப்புக்குப் பதில் சிந்தசைசர் சேர்ந்த புதிய அமைப்பு. வேறு கில்பர்ட்-சல்லிவன் படைப்புகளிலிருந்து பாடல்களைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு பிராட்வேக்குப் போய்ப் பெரிய வெற்றி பெற்றது. அதைப் போட நினைக்கும் குழு தனியாக உரிமம் வாங்க வேண்டும். உற்சாகமான வடிவம்தான், ஆனால் சல்லிவனின் வாத்திய அமைப்பை இழப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

உள்ளூர்ச் செய்திகளை வைத்து வேகப் பாட்டில் ஒரு சரணம் சேர்ப்பதும் உண்டு. ஒன்று போதும்.

இன்றைய பார்வைக்கு உறுத்தும் இடம் ஏதாவது?

ரூத்தை நடத்தும் விதம். அவளுக்கு 47 வயது. ஃபிரெடரிக் வேறு பெண்ணையே பார்க்காதவரை அவளை அழகி என்று நம்புகிறான். ஜெனரலின் மகள்களைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டாய் என்று சீறுகிறான். நடுவயதுப் பெண்களைக் கேலி செய்வது கில்பர்ட்டிடம் திரும்பத் திரும்ப வரும் பழக்கம், அதற்கு நான் பரிந்து பேசமாட்டேன். ஆனால் ரூத்தாகப் பாடுகிற கான்ட்ரால்டோ (கனமான கீழ்க்குரல் பாடகி) கேலிப் பொருளாக இல்லாமல் ஒரு மனுஷியாக நின்றால் காட்சியின் திசையே மாறும். கதையின் முடிச்சைப் போட்டவளும் அவள், அவிழ்ப்பவளும் அவள். நல்ல இயக்குநர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழைய ஆங்கிலம் புரியுமா?

வசனம் புரியும். பாட்டில் பாதி நழுவலாம். போவதற்கு முன் பாடல் வரிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். இணையத்தில் முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. சில அரங்குகளில் மேடைக்கு மேலே வரிகள் ஓடும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? என்ன உடுத்துவது?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. கத்திச் சண்டை உண்டு, ரத்தம் இல்லை. உடைக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டலாம். தட்ட வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

நேரில் பார்க்க வழியில்லை. எதைக் கேட்கலாம்?

டெக்கா நிறுவனத்துக்காக டாய்லி கார்ட் குழு 1968-இல் செய்த பதிவு. இசைநடத்துநர் இசிடோர் காட்ஃபிரே. வசனமும் அதில் இருப்பதால் நாடகமாகவே கேட்கலாம். ஜான் ரீட் ஜெனரலாகப் பாடுகிறார், வேலரி மாஸ்டர்சன் மேபல். டொனால்ட் ஆடம்ஸின் கொள்ளையர் தலைவனை இதுவரை யாரும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம். பேப் வடிவம் 1983-இல் திரைப்படமாகவும் வந்தது. முதலில் பதிவைக் கேட்டுவிட்டு அப்புறம் படத்தைப் பாருங்கள்.